உள்ளங்காலும் வாவிக்கரையும்

மட்டக்களப்பைப் பற்றி எழுத வருவோர் பாடும் மீனிலிருந்து தொடங்குவதே வழக்கம். நாம் இம்முறை மனிதரின் காலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது; வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக. சென்ற விடுமுறையில் எம் மாணாக்கர் ஐவரை அழைத்துக்கொண்டு வெபர் மைதானத்திலிருந்து புறப்பட்டோம். கல்லடிப் பாலத்தைக் கடந்து, எழுவான்கரை வழியே தெற்கு நோக்கிச் சென்று, மண்முனைப் பாலத்தால் வாவியைத் தாண்டி, படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலை வரை ஒரு பகல் முழுவதும் நடந்தோம். அஃது உல்லாசப் பயணமன்று. இறந்துபோன ஒருவரின் நினைவாக நடத்த எண்ணியிருக்கும் ஓட்டம் ஒன்றுக்கு வழி பார்க்கவே சென்றோம்.

இறந்தவர் எம் பெரியப்பா. படுவான்கரையில் ஆயுள் முழுவதும் வெள்ளாமை செய்தவர். கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போகும் நாட்களைத் தவிர அவர் காலில் நாம் செருப்பைக் கண்டதில்லை. ஒரு பொங்கலுக்கு ஊர் சென்றிருந்தபோது முற்றத்துக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். இடது குதிக்காலில் மை சிந்தியது போல ஒரு கறுப்புக் கறை. விளிம்பு ஒழுங்கற்றதாக இருந்தது. என்னவென்று கேட்டோம். "ஒண்டுமில்ல மனே, வயலுக்க முள்ளுக் குத்தின இடம்," என்றார். "கால் ஆணியாயிருக்கும் பெரியப்பா," என்று நாமும் சொல்லிவைத்தோம். பட்டம் பெற்றவன் சொல்லிவிட்டான் என்பதற்காக வீட்டார் அதையே நம்பினர். ஓராண்டு சென்றது. கறை புண்ணாகி, அரையில் நெறி கட்டிய பின்னரே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். அது மெலனோமா என்னும் தோற் புற்றுநோய் என்றார் வைத்தியர். அதன் பின்னர் பெரியப்பா இருந்தது ஏழு மாதம்.

அன்று வாயை மூடிக்கொண்டு அவரை ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. தோலின் மேற்பரப்பில் இருக்கும்போது வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளக்கூடிய நோய் அது.

எங்கள் பகுதியில் இறந்தவரை நினைப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் ஆகியவற்றோடு நின்றுவிடுவதில்லை. ஞாபகார்த்தக் கிண்ணம் ஒன்றும் வைப்பார்கள். உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், மென்பந்துத் துடுப்பாட்டம் என்று வாவியின் இரு கரைகளிலும் ஊருக்கு ஊர் இப்படிப் போட்டிகள் நடப்பதைக் காணலாம். பெரியப்பாவின் பிள்ளைகளும் அவர் பெயரில் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றை நடத்திவந்தார்கள். நுழைவுக் கட்டணமாக வரும் காசு பந்துக்கும் கிண்ணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் போய்விடும். மிஞ்சினால் இரவுச் சோறு. அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் ஒருநாள் வகுப்பிலே இக்கதையைச் சொன்னபோது, பின்வாங்கிலிருந்த ஒரு மாணவன் எழுந்து, "சேர், அந்தக் காசை அவரைக் கொண்டுபோன நோய்க்கே ஏன் குடுக்கக் கூடாது?" என்று கேட்டான். விடை சொல்லாமல் மணி அடிக்கும்வரை வேறு பாடம் நடத்தினோம். அவனும் இந்த நடையில் எம்முடன் வந்திருந்தான்.

வெபர் மைதானம் விடியும் முன்னரே விழித்துக்கொள்ளும் இடம். இருட்டில் ஓடுவோரின் காலடி கேட்கிறது, ஆளைத் தெரிவதில்லை. நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையைச் சேர்ந்த வணக்கத்துக்குரிய ஹரல்ட் ஜோன் வெபர் அடிகளின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. பிற சமயத்தவராகிய எங்களுக்கும் அவர் "வெபர் சுவாமி" தான். புனித மிக்கேல் கல்லூரியிலும் வெளியிலும் இளைஞருக்கு மெய்வல்லுநர் போட்டியையும் கூடைப்பந்தையும் பழக்கியவர். 1998 இல் இவ்வூரிலேயே காலமானார். அவருடைய சகபாடியாகிய யூஜின் ஹேபேர்ட் அடிகளும் கூடைப்பந்துப் பயிற்றுநரே. 1990 ஆகஸ்டு மாதத்தில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், உடன் வந்த இளைஞரோடு காணாமற் போனார், திரும்பவேயில்லை. விளையாட்டையும் நினைவையும் பிரித்துப் பார்க்க முடியாத ஊர் இது என்பதற்கு இந்த மைதானத்தில் ஒரு காலைப் பொழுது நின்றால் போதும்.

வாவியின் நீளம் 56 கிலோமீற்றர். புளியந்தீவிலிருந்து கல்லடிக்குப் போக இப்போது இரண்டு பாலங்கள் இருக்கின்றன. 1924 இல் திறந்த பழைய இரும்புப் பாலத்துக்கு அக்காலத்துத் தேசாதிபதியின் மனைவியார் மனிங் சீமாட்டியின் பெயர். 2013 இல் யப்பான் நாட்டு உதவியுடன் அருகிலே புதிய பாலம் திறந்தார்கள். நாம் பழையதன் மேல் நடந்தோம். கீழே தோணிகள் திரும்பிக்கொண்டிருந்தன. மாணாக்கருள் ஒருவன் குனிந்து காது கொடுத்தான். 1848 இல் எமர்சன் டெனென்ற் இங்கு வந்து வாவியின் இசையைக் கேட்டு எழுதிவைத்த கதையை நாம்தான் அவனுக்குச் சொல்லியிருந்தோம். பூரணை இரவில், துடுப்பை நீரில் நாட்டி அதன் நுனியில் காது வைத்துக் கேட்க வேண்டியதை, லொறிகள் ஓடும் காலை வேளையில் கேட்க முயன்றால் என்ன கேட்கும்? கல்லடியில் விபுலாநந்த அடிகளாரின் சமாதியை வணங்கிவிட்டுத் தெற்கே திரும்பினோம்.

இக்கிழக்குக் கரை வழியே ஆண்டுதோறும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறார்கள். வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து வேலோடு புறப்பட்டு, அமிர்தகழி மாமாங்கேசுவரத்தில் தங்கி, பொத்துவில், உகந்தை, குமணக் காடு என்று ஒன்றரை மாதத்துக்கு மேலாக நடக்கும் அடியார் கூட்டம் அது, பலர் செருப்பணியாதவர். நடையும் ஓட்டமும் பிறர் பொருட்டு நேர்ந்துகொள்ளக்கூடியவை என்பதை எங்கள் மக்களுக்கு வெளிநாட்டார் வந்து சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் தாய் நடக்கிறாள். நாம் கண்டுபிடிக்க வேண்டியது அந்த நடையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழியை மட்டுமே.

அவ்வழியை ஒருவன் வகுத்துக் காட்டினான். காத்தான்குடியில், வீதி நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், தேநீர்க் கடை ஒன்றில் அமர்ந்து அவன் கதையை மாணாக்கருக்குச் சொன்னோம். கனடா நாட்டு இளைஞன் ரெரி பொக்ஸ். 1977 இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலக்காலை முழங்காலுக்கு மேலே இழந்தான். பிழைப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றும், இரண்டாண்டுக்கு முன்பு வந்திருந்தால் நூற்றுக்குப் பதினைந்துதான் என்றும் அவனுக்குச் சொன்னார்கள். அந்த வேறுபாடு ஆய்வினால் வந்தது என்பதை அவன் மறக்கவில்லை. 1980 ஏப்ரல் 12 ஆம் நாள் நியூபவுண்ட்லாந்துத் தீவில் செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினான். ஒரு நாளைக்கு ஒரு மரதன் தூரம், ஏறக்குறைய 42 கிலோமீற்றர். 143 நாட்கள் ஓடி 5,373 கிலோமீற்றர் கடந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினான். 1981 யூன் 28 இல் இறந்தான். அவ்வாண்டு செப்தெம்பரில் அவன் பெயரால் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று இலட்சம் பேர் கலந்து 35 இலட்சம் டொலர் சேர்த்தார்கள். அதன் பின் ஆண்டுதோறும் பல நாடுகளில் நடந்துவரும் அந்த ஓட்டங்களால் திரண்ட தொகை 80 கோடி டொலருக்கு மேல். கனடாவில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலிருந்தே பழக்கமான பெயர் அது.

இந்த ஓட்டத்தில் முதலாமிடம் இல்லை, கிண்ணமும் இல்லை. ஓடுவோர் தமக்குத் தெரிந்தோரிடம் முன்கூட்டியே தாளில் கையொப்பமும் காசும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஓட முடியாதவர் நடக்கலாம். சக்கர நாற்காலியில் வரலாம்.

தூரதேசத்துக் கதையென்று ஒதுக்கவும் முடியாது. யுத்தம் முடிந்து இரண்டாண்டில், 2011 யூலை 1 ஆம் நாள், நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்னும் இருவர் இலங்கையின் தென்முனையாகிய தேவேந்திரமுனையிலிருந்து நடக்கத் தொடங்கினர். 670 கிலோமீற்றர் நடந்து 27 ஆம் நாள் பருத்தித்துறையை அடைந்தனர். வழிநெடுகப் பலர் கூட நடந்தனர். திரட்டிய பணம் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்கச் சென்றது. 2016 இல் திசையை மாற்றிப் பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்தார்கள். அம்முறை காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. தெற்கத்தியார் காசு வடக்குக்கும், வடக்கிலிருந்து புறப்பட்ட நடை தெற்குக்கும் உதவியதை எமது பத்திரிகைகள் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

தேநீர்க் கடைக்காரக் காக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றார். "இந்த ஓட்டம் எங்கட கடை வாசலாலயா போகும்?" என்று வினவினார். ஆம் என்றோம். "வெள்ளிக்கிழமையில மட்டும் வெச்சிராதீங்க சேர். மத்த நாளெண்டா எங்கட பொடியனுகளும் வருவானுகள்," என்றார். தேநீருக்குக் காசும் வாங்கவில்லை.

ஆரையம்பதியைத் தாண்டுகையில் வெயில் ஏறிவிட்டது. எம்மைக் கடந்து சென்ற முச்சக்கரவண்டி ஒன்றின் பின்புறம் பொப் மார்லியின் படம் ஒட்டியிருந்தது. நீண்ட சடைமுடி, சிரித்த முகம். இந்நாட்டில் அப்படம் ஒட்டாத முச்சக்கரவண்டி நிலையம் ஒன்றைக் காண்பது அரிது. இவர் எந்த நோயால் இறந்தார் தெரியுமா என்று கேட்டோம். மாணாக்கர் ஐவரும் விழித்தனர். பெரியப்பாவுக்கு வந்த அதே நோய்தான். யமேக்காவின் அப்பாடகர் உதைபந்தாட்டப் பிரியர். காற்பெருவிரல் நகத்தின் கீழிருந்த கறையை விளையாட்டில் பட்ட காயமென்றே கருதியிருந்தார். 1977 இல் மெலனோமா என்று தெரிந்தது. விரலை முழுதாக எடுத்துவிட அவர் உடன்படவில்லை. 1981 மே 11 இல், 36 ஆம் வயதில், மூளைக்கும் நுரையீரலுக்கும் நோய் பரவி இறந்தார். ரெரி பொக்ஸ் இறப்பதற்கு ஏழு வாரம் முன்பு! உலகமே அறிந்த பாடகரும், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் எவரும் அறியாத வேளாண்மைக்காரரும் ஒரே தவறான விளக்கத்தைத்தான் தமக்குச் சொல்லிக்கொண்டார்கள். ஒருவருக்குப் பந்து, மற்றவருக்கு முள்.

தோற் புற்றுநோய் வெள்ளைக்காரரின் நோய் என்றொரு எண்ணம் எங்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அதில் பாதி உண்மை. வெளிர்த்த தோலில் சூரியனின் புறஊதாக் கதிர் விளைக்கும் கேடு மிகப் பெரிது. அதனாலேயே அவுஸ்திரேலியர் 1981 இல் சட்டையணி, தைலம் பூசு, தொப்பி போடு என்று பிரசாரம் தொடங்கினர். மெலனோமா ஆய்வுக்குப் பணம் சேர்க்க இறந்தவர்களின் படங்களை ஏந்தி ஆண்டுதோறும் நடக்கவும் செய்கின்றனர். கறுத்த தோலுக்கு வெயிலிலிருந்து ஓரளவு இயற்கைக் காப்பு இருக்கிறது. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் தோன்றும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் தொடர்பு மிகக் குறைவு. உலகில் காணும் மெலனோமாக்களுள் இவ்வகை சிறு பங்கே. ஆசிய, ஆபிரிக்க மக்களிடையேயோ இதுவே முதன்மையான வகை. 1976 இல் இதைத் தனியொரு வகையாகப் பிரித்துப் பெயரிட்டவர் ரிச்சர்ட் ரீட் என்னும் நோயியல் வல்லுநர்; அவர் பணியாற்றியதும் வெபர் சுவாமியின் மாகாணத் தலைநகராகிய நியூ ஓர்லியன்சிலேயே.

இனி, எம்மை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. 2011 முதல் மெலனோமாவுக்குப் புதிய மருந்துகள் வந்துள்ளன. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைக் கட்டவிழ்த்துவிடும் அவ்வகைச் சிகிச்சைக்கு அடிகோலிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்சோ இருவருக்கும் 2018 இல் நோபெல் பரிசு கிடைத்தது. கைவிடப்பட்ட நோயாளர் பலர் அம்மருந்துகளால் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர். எனினும் உள்ளங்கால் மெலனோமாவில் அவை அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை. வெயிலால் பழுதுற்ற தோலில் பிறக்கும் புற்றும் இதுவும் மரபணு மாற்றங்களில் வேறுபட்டவை. பணம் எங்கே சேர்கிறதோ அங்குள்ளவர்களின் நோயே முதலில் ஆராயப்படும். இதில் எவரையும் குற்றஞ்சொல்ல நியாயமில்லை. தங்கள் இறந்தோருக்காக அவர்கள் நடந்தார்கள். எங்கள் இறந்தோருக்காக நாம் கிண்ணம் வாங்கினோம்.

மண்முனையில் முன்பு பாலமில்லை. "பாதை" என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். பெரியப்பா ஒவ்வொரு தடவையும் அதில் நின்றபடியே வருவார். 2014 இல் பாலம் திறந்தபோது வண்டிலோடு அதைக் கடந்து பார்த்துவிட்டு, ஆடாமல் கிடக்கிறதே என்று குறைப்பட்டாராம். பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் இரண்டு உலகம். பின்னால் தென்னையும் கடற்கரை ஊர்களும். முன்னால் கண்ணுக்கெட்டும் வரை வயல். ஓட்டம் இங்கு வருகையில் வெயில் ஏறக்கூடாது, ஆகவே மைதானத்திலிருந்து ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும் என்று மாணாக்கர் குறித்துக்கொண்டனர்.

படுவான்கரை வரம்பொன்றில் அமர்ந்து, கட்டிவந்த சோற்றை உண்டோம். யப்பானியரின் ஆய்வொன்றை விளங்கவைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. உள்ளங்காலை உற்றுப் பார்த்தால் உழுத வயல் போலச் சாலும் மேடுமாக நுண்வரிகள் தெரியும். சின்ஷூ பல்கலைக்கழகத்துத் தொஷியாக்கி சைதாவும் அவருடைய துணைவர்களும், ஒளி பொருத்திய உருப்பெருக்கி ஒன்றால் பல ஆண்டுகளாக அவ்வரிகளைப் பார்த்து வந்தார்கள். தீங்கற்ற மச்சத்தின் கறுப்பு பெரும்பாலும் சாலிலே கிடக்கிறது. புற்றின் கறுப்பு வரம்பிலே ஏறுகிறது. இதுவே அவர்கள் கண்டது. ஏழு மில்லிமீற்றருக்கு மேல் அகன்ற புதிய கறையாயின் அறுத்துச் சோதிப்பது நன்று என்றும் கூறினர். 2016 இல் அதே பல்கலைக்கழகத்தார், உடலின் பாரம் அழுந்தும் இடங்களாகிய குதிக்கால், முன்பாதம் ஆகியவற்றில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது என்று வெளியிட்டனர். செருப்பின்றி நடப்பதால்தான் வருகிறது என்று இதற்குப் பொருளல்ல, அது நிறுவப்படவில்லை. யப்பானியருக்கு அவர்கள் பாதத்தில் வந்தது. ஆகவே பாதத்தைப் பார்த்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

எங்கள் ஓட்டத்தின் நோக்கமும் அதுபோலச் சிறியதே. மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணாக்கர் இருக்கின்றனர். அத்தகைய உருப்பெருக்கிகள் சிலவற்றை வாங்கிக் கொடுத்து, இரு கரைகளிலுமுள்ள வேளாண்மைக்காரர், மீன்பிடிகாரர் ஆகியோரின் பாதங்களை முறைப்படி பார்த்துக் கணக்கெடுக்கும் ஆய்வொன்றுக்கு உதவ வேண்டும் என்பது எம் எண்ணம். அதற்கு வைத்தியர்களின் மேற்பார்வையும் உரிய அனுமதிகளும் வேண்டும். இன்னும் எவர் வாசலிலும் போய் நின்று கேட்கவில்லை. பழைய குப்பி விளக்கால் வெந்த தழும்புகளையும் கூடப் பார்க்கலாம். ஆறாத தீத்தழும்பில் பல்லாண்டு கழித்து வேறொரு வகைத் தோற் புற்று எழுவதுண்டு. அச்சடித்த சட்டையோடு ஒரு காலை நடந்து, படம் பிடித்துக்கொண்டு கலைந்துபோகும் நடைபவனிகளைக் கண்டு நாம் சலித்திருக்கிறோம். இதுவும் அப்படி முடிந்துவிடக் கூடாதே என்ற அச்சம் இல்லாமலில்லை. அதனால்தான் பணம் சேரும் முன் அது போய்ச் சேருமிடத்தை முடிவு செய்ய வேண்டும் என்கிறோம்.

தான்தோன்றீசுவரரைத் தரிசித்துவிட்டு வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெரியம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மாணாக்கர் திண்ணையில் வரிசையாக அமர்ந்து கால் கழுவினர். கழுவியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவன் பாதத்தை மற்றவன் பிடித்துத் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"கிண்ணம் இல்லாட்டி பொடியனுகள் ஓடுவானுகளா மனே?" என்று எம்மைக் கேட்டார்.

"ஓடுவம் அம்மம்மா," என்றான் பின்வாங்குப் பையன். பிறகு சற்றுத் தயங்கி, "உங்கட காலையும் ஒருக்காப் பாக்கட்டா?" என்று கேட்டான்.

அவர் கூச்சத்துடன் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். வயலிலிருந்து அப்போதுதான் வந்தேன், சேறு கிடக்கிறது என்றார். அவன் வாளியை நகர்த்திக்கொண்டு அருகே போய்க் குந்தினான். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் பெரியம்மா இடது காலை நீட்டினார். அவன் தண்ணீரை ஊற்றிச் சேற்றைத் தேய்க்கத் தொடங்கினான்.